ஆடு தொடாத மரங்கள்

மேய்ச்சல் முடிந்து ஆடுகள் பட்டிக்குத் திரும்பிய பிறகு வேலியோரமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். வாகை, கிளுவை, கருவேலம் எல்லாம் ஆட்டுக்கு எட்டிய உயரம் வரை மொட்டையாகியிருக்கும். நடுவே சில செடிகள் மட்டும் ஓர் இலை குறையாமல் நிற்கும்: எருக்கு, அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, கள்ளி. நச்சுச் செடிகளைப் பற்றிய முதல் பாடத்தை நம் ஊர்க்காரர்கள் படித்தது இங்கேதான். ஆடு கடிக்காததை வேலிக்கு வைத்தார்கள். பூச்சி அண்டாததை வயலுக்குக் கொண்டுபோனார்கள். கறையான் ஏறாததை அறுத்துக் கட்டில் காலாக்கினார்கள்.

ஆனால் ஆட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. ஆடாதொடையை ஆடு தொடாது. அது இருமலுக்கு மருந்து. வாய்க்கால் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை ஆடு ஒருமுறை தின்று பழகிவிட்டால் அதையே தேடிப் போகும். கொஞ்ச நாளில் நரம்பு தளர்ந்து நடை தடுமாறும். எட்டிப் பழத்தின் சதையை இருவாச்சிப் பறவை தின்னும். ஓர் உயிருக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை விடாமல் வற்புறுத்தப் போகிறேன். நச்சு மரங்களின் பயனை நம் முன்னோர் தனியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. எந்தப் பாகம், எந்தப் பக்குவம், உடம்புக்கு வெளியேயா உள்ளேயா, யார் தொடலாம் என்ற எல்லைகளைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இன்று கைபேசிக் காணொளிகளில் பயன் மட்டும் பரவுகிறது, எல்லை விடுபட்டுப் போகிறது. அதனால் உள்ளுக்குச் சாப்பிடும் முறை எதையும் இங்கே எழுதவில்லை. அது பதிவு பெற்ற சித்த மருத்துவரின் வேலை. வெளிப்பயன்பாடும் தோட்டப் பயன்பாடும் பாதுகாப்பும்தான் நம் பாடம்.

எட்டி

புதுக்கோட்டை, கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கோயில் காடுகளில் எட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இலை நல்ல பச்சையாகப் பளபளக்கும். காம்படியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் இலையின் நீளத்துக்கு ஓடும். இதுதான் சிறந்த அடையாளம். பழுத்த பழம் ஆரஞ்சு நிற உருண்டை. குழந்தைக்கு அது கமலாப் பழமாகத்தான் தெரியும். உள்ளே வெளிறிய சதையில் தட்டையான, சாம்பல் நிறத்தில் பட்டு மயிர் படர்ந்த விதைகள் இருக்கும்.

நஞ்சின் முக்கிய இருப்பிடம் அந்த விதை. பட்டையிலும் இலையிலும் கூட நஞ்சு உண்டு. ஸ்ட்ரிக்னின், புரூசின் என்பவை அதன் வேதிப்பொருள்கள். 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லத்தியேயும் கவாந்துவும் ஸ்ட்ரிக்னினை முதலில் பிரித்தெடுத்தது எட்டியின் உறவான ஒரு கொடியின் விதையிலிருந்துதான். தண்டுவடத்தில் தசைகளை அடக்கி வைக்கும் கட்டளையை இது தடுத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாமல் போவதால் சின்னச் சத்தம், லேசான தொடுகை பட்டாலே உடம்பு முழுவதும் வில்லாக வளைந்து வலிப்பு வரும். நினைவு மட்டும் தப்பாமல் இருக்கும். அதனால் எட்டி விதையைக் கடித்தவரை உலுக்கி எழுப்புவதும், சுற்றி நின்று கூச்சல் போடுவதும் கூடாது. வெளிச்சமும் சத்தமும் குறைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

யாருக்கும் உதவாதவனின் செல்வத்தை, ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சு மரத்தோடு வள்ளுவர் 1008ஆம் குறளில் ஒப்பிட்டார். ஊர் அந்த மரத்தையும் விட்டுவைக்கவில்லை. எட்டிக் கட்டை கெட்டியானது, கறையான் அண்டாதது. கலப்பை, வண்டிச் சாமான், கருவிப்பிடி, கட்டில் கால் என்று மண்ணோடும் ஈரத்தோடும் புழங்கும் இடத்துக்கெல்லாம் அது உழைத்திருக்கிறது. இன்றும் விழுந்த எட்டி மரம் கிடைத்தால் வேலிக் காலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். கரண்டி, மத்து, குழந்தை வாயில் வைக்கும் பொம்மை எதையும் அதில் கடையாதீர்கள்.

சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டை வாத நோய்களுக்குப் பயன்படுகிறது. அதற்கு முன் ‘சுத்தி’ என்ற படி உண்டு. விதையை ஊறவைத்து, வேகவைத்து, மேல்தோலையும் உள்ளிருக்கும் முளையையும் நீக்கி, பாலில் மறுபடி பக்குவம் செய்வார்கள். அப்படிச் செய்தால் நஞ்சு குறைகிறது என்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டுகின்றன. குறைகிறதே தவிர முழுவதுமாகப் போய்விடுவதில்லை. வீட்டு அடுப்பில் செய்து பார்க்கும் காரியம் அல்ல இது.

இதே இனத்தில் பிறந்த தேற்றான் மரம் நேர் எதிரான குணம் கொண்டது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க, பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரசி வைப்பது நம் பழைய வழக்கம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். தேற்றான்கொட்டை சிறியது, உருண்டை, ஒரு பழத்துக்கு ஒரு விதைதான். எட்டிக்கொட்டை அதைவிடப் பெரியது, தட்டை வட்டம். இரண்டையும் அருகருகே ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மாறாது.

பிள்ளையார் சதுர்த்தி அன்று

ஆண்டுக்கு ஒரு நாள் இரண்டு நச்சுத் தாவரங்கள் வீட்டுக்குள்ளேயே வருகின்றன. ஒன்று எருக்கம்பூ மாலை. இன்னொன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணி.

எருக்கம்பூவைக் கிள்ளும்போதெல்லாம் காம்பில் பால் வடியும். அதே கையால் கண்ணைக் கசக்கினால் வரும் ஆபத்து ஏமாற்றும் தன்மை கொண்டது. பல பேருக்குப் பெரிய வலி இருக்காது. சில மணி நேரத்தில் பார்வை மட்டும் புகைமூட்டமாகும். கருவிழி வீங்குவதால் வரும் மங்கல் அது. வலி இல்லையே என்று படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வரை கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நேரத்தோடு போனால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடுகிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். பூக்கட்டும் பெண்கள் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

குன்றிமணி கொடியில் காய்ப்பது; வேலி மரங்களோடு பின்னிக்கொண்டே வளர்வதால் இந்த அத்தியாயத்தில் அதற்கும் இடம் உண்டு. ஒரு மணி ஏறக்குறைய 0.12 கிராம். தங்கம் நிறுக்கும் தட்டில் நூற்றாண்டுகளாக எடைக்கல்லாக இருந்தது. அதன் ஓடு மிகக் கெட்டி. முழுதாக விழுங்கிய மணி பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து உடைத்தாலோ துளை போட்ட மணியானாலோ கதையே வேறு. உள்ளிருக்கும் ஏப்ரின் என்ற புரதம், உடம்பின் உயிரணுக்கள் புரதம் செய்வதையே நிறுத்திவிடும். ஆகவே கோத்து விற்கும் குன்றிமணி மாலையும் கைவளையும்தான் கோக்காத மணியைவிட ஆபத்தானவை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். மணியைக் கடித்தது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் கிளம்பிவிடுங்கள். பிள்ளையாரின் கண்ணுக்கு இரண்டு மிளகு போதும் என்பது என் யோசனை. குன்றிமணிதான் வைப்பேன் என்றால், கரைக்கும் முன் அவற்றை எண்ணி எடுத்துவிடுங்கள்.

எருக்கைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இவ்வளவு உபகாரமான தரிசுச் செடி வேறு இல்லை. தண்டின் நார் வலுவானது. வில்நாணுக்கும் தூண்டில் கயிற்றுக்கும் அதைத் திரித்தார்கள். ரதசப்தமிக் குளியலுக்குத் தலையில் வைப்பது அதன் இலை. குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, பொறுக்கும் சூட்டில் காலை வைத்து எடுப்பது இன்றும் நடக்கும் வைத்தியம். புண் இல்லாத தோலில் இதைச் செய்வதில் தவறில்லை. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் செய்யக் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். நெல் நடவுக்கு முன் எருக்கந்தழையை மிதித்து அடியுரமாக்குவதும் பழைய வழக்கம். வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று, அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டு பறவையிடமிருந்து தப்பிக்கிறது. எருக்கை வேரோடு பிடுங்கிவிட்டால் இந்தப் பூச்சிக்கு வேறு வீடு தேடுவது கடினம்.

அரளியும் ஒடுவனும்

கோயில் மாலைக்குச் செவ்வரளி, வெள்ளரளி இல்லாமல் முடியாது. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் அதையே பயிராக வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டிலும் அரளிதான்: மாடு தின்னாது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர் வண்டியின் விளக்கொளியை மறைக்கும். மணி வடிவப் பூவும் முக்கோணக் காயும் கொண்ட மஞ்சள் அரளி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து இங்கே ஊறிப்போனது. யாழ்ப்பாணத்தில் இதை அலரி என்பார்கள். இரண்டிலும் வேர் முதல் விதை வரை எல்லாப் பாகமும் நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைப்பதுதான் அதன் வேலை.

கேரளத்தில் ஓர் இளம்பெண் அரளி இலையை மென்றதால் இறந்ததாகச் சந்தேகம் எழுந்தபின், 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. நம் கோயில்களும் வீட்டுப் பூசையறைகளும் பின்பற்ற வேண்டிய முடிவு இது. மாலைக்கு அரளி இருக்கட்டும். தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கல் இலையிலும் அதன் ஓர் இதழும் விழக் கூடாது. அரளிக் குச்சியால் பல் தேய்க்காதீர்கள், அடுப்பு எரிக்காதீர்கள், கவாத்துச் செய்த கிளையை ஆட்டுத் தழையோடு கலந்து போடாதீர்கள். பள்ளிக்கூட வளாகத்தில் மஞ்சள் அரளி நிற்குமானால் தலைமையாசிரியரிடம் சொல்லி அகற்றச் செய்யுங்கள். மரங்களை வெட்டச் சொல்லி இந்த நூலில் நான் எழுதும் ஒரே இடம் இது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளில் வளரும் ஒடுவன், கட்டைக்குப் பேர் போனது. கம்பத்துக்கும் வேலிக்காலுக்கும் நெடுநாள் நிற்கும். அதன் தழையோ சிறுநீரகத்தின் வழியாக உடம்பின் பொட்டாசியத்தை வடியவைத்து இதயத்தை நிறுத்தும் நஞ்சு. மாற்று மருந்து கிடையாது. முதல் நாள் நோயாளி நன்றாகவே தெரிவார்; அதைப் பார்த்து வீட்டுக்கு அழைத்துவந்துவிடக் கூடாது. பல நாள் கண்காணிப்பு வேண்டும்.

இந்த இரண்டும் வடதமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ வீடுகளை அழவைத்திருக்கின்றன. வீட்டில் யாராவது மனமுடைந்து பேசினால் அதை அலட்சியம் செய்யாமல் அருகில் இருந்து கேளுங்கள். டெலிமானஸ் 14416, தமிழகத்தில் 104 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

பாலும் எண்ணெயும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேரைக் கொடுத்த மரம் இன்று பிச்சாவரம் சதுப்புக் காட்டில்தான் கூட்டமாக நிற்கிறது. கிளை ஒடிந்தால் தெறிக்கும் வெள்ளைப் பால் தோலைக் கொப்புளிக்கவைக்கும். கண்ணில் பட்டால் சில நாள் பார்வையே போகும். விறகாக எரித்தால் புகையும் கண்ணைக் கெடுக்கும். படகில் போகிறவர்கள் கிளையைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் போதும், மரம் தானாக யாரையும் ஒன்றும் செய்யாது. திருகுகள்ளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கள்ளி வேலியைக் கவாத்து செய்கிறவர்கள் கண்ணாடி போடாமல் அரிவாளை எடுக்கக் கூடாது.

சேரான் மரம் வேறு மாதிரி. சேராங்கொட்டையின் கறுப்பு எண்ணெய், துணியில் பட்டால் சலவைக்கும் போகாது. அதனால்தான் சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குறி பட்ட இடத்தில், கழுத்திலும் இடுப்பிலும், அரிப்பும் கொப்புளமும் வந்தவர்கள் உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் இதே குடும்பத்துச் சரக்கு; பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைக்கும் கைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேரளத்தில் சேரால் வந்த கொப்புளத்துக்குத் தான்றி மரத்தை வலம் வரச் சொல்லும் நம்பிக்கை உண்டு. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது சோப்பால் நன்றாகக் கழுவுவது. எண்ணெய் என்பதால் வெறும் தண்ணீரில் அது போகாது. உடுத்திய துணியையும் தனியாகத் துவையுங்கள்.

ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்க, அதிலிருந்து எடுத்த விளக்கெண்ணெயைக் குழந்தைக்கே கொடுத்தார்களே என்று பலர் கேட்பதுண்டு. ரைசின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் வெளியே வரும்போது நஞ்சு பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெயை மேலே எடுக்கும் பழைய முறையில் சூடும் சேர்ந்து மிச்ச நஞ்சை அழித்துவிடும். ஆகவே ஆமணக்குப் பிண்ணாக்கு உரத்துக்கு மட்டுமே. மாட்டுத் தொட்டியில் சேர்க்கக் கூடாது. தொட்டிச் செடிக்குப் போட்டால் மண்ணில் ஆழமாகக் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வளர்ப்பு நாய் மோப்பம் பிடித்துத் தின்றுவிடும். நிலக்கடலை, மஞ்சள் வயலின் ஓரத்தில் ஆமணக்கு நட்டால் புரொடீனியாப் புழுவின் தாய் அந்துப்பூச்சி அங்கே போய் முட்டை வைக்கும். முட்டைக் குவியல் இருக்கும் இலையைப் பறித்து அழிப்பது எளிது.

காட்டாமணக்கு விதை முந்திரி போலச் சுவைக்கும் என்பதுதான் அதன் ஆபத்து. 2003-இல் திட்டக் குழுவின் பரிந்துரைக்குப் பின் பயோடீசலுக்காக நாடெங்கும் நட்டார்கள். எண்ணெய்க் கனவு கைகூடவில்லை, செடி மட்டும் பள்ளி வேலிகளில் நிற்கிறது. விதையைத் தின்று கூட்டமாக வாந்தியெடுத்து மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி இன்றும் வருகிறது.

ஊமத்தையைச் சுருக்கமாக முடிக்கலாம். இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவம் தரும் நல்ல வெளிமருந்து. தரமான கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். விதையோ இலையோ வயிற்றுக்குள் போனால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆளே பிதற்ற ஆரம்பிப்பார்.

வயலுக்கு இலைக் கரைசல்

நச்சிலைகளின் மிகப் பயனுள்ள உபயோகம் இதுதான் என்பது என் கருத்து. ஒடித்தால் பால் வடிவது, கசப்பது, நாறுவது, ஆடு தொடாதது என்று ஐந்து வகை இலை சேர்க்க வேண்டும்: எருக்கு, வேம்பு, நொச்சி, ஆடாதொடை, காட்டாமணக்கு. தலா ஒரு கிலோ எடுத்து இடித்து, மூழ்கும் அளவுக்கு மாட்டுச் சிறுநீர் ஊற்றி, மூடி நிழலில் வையுங்கள். தினமும் ஒருமுறை கிளறினால் ஏழு முதல் பத்து நாளில் இலை கூழாகிவிடும். வடிகட்டி, 10 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர் கலந்து மாலையில் அடிக்கலாம். பூச்சியை இது உடனே கொல்லாது. இலையைத் தின்னவிடாமல் விரட்டும். அதனால் பூச்சி தென்பட்டவுடன் தொடங்கினால்தான் பலன் தெரியும்.

இயற்கை என்பதால் இதற்குக் கட்டுப்பாடு தேவையில்லை என்று நினைக்காதீர்கள். இடிக்கும் உரல், கிளறும் கழி, வடிகட்டும் துணி எல்லாம் தனியாக இருக்கட்டும், சமையலறைக்கு அவை திரும்பக் கூடாது. கையுறை, கண்ணாடி அவசியம். கீரைக்கு அடிக்க வேண்டாம். மீன் குட்டை, கிணற்றடியில் கழுவ வேண்டாம். மருக்காரைக் காயை இடித்துக் குட்டையில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் முன்பு மலையோர ஊர்களில் இருந்தது. நீர்நிலையில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. இலைக் கரைசலும் அதே தீங்கைத்தான் செய்யும்.

மருந்து வாங்கும்போது

மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் இ(1) என்ற அட்டவணை உண்டு. சித்த மருந்துகளில் சேரும் நச்சுச் சரக்குகளின் பட்டியல் அது. எட்டி, அரளி, குன்றி, சேராங்கொட்டை, நேர்வாளம், தில்லை, கலப்பைக் கிழங்கு எல்லாம் அதில் இருக்கின்றன. இவை சேர்ந்த உள்மருந்தின் சீட்டில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சீட்டே இல்லாத பொடியை, யார் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

விபத்து நேர்ந்தால்

வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்தெடுங்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், பச்சை முட்டை என்று எதையும் ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் ஏறினால் அதுவே உயிரை எடுத்துவிடும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தின்ற செடியின் இலையும் காயும் உள்ள ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குத் தின்றார் என்பதையும் சொல்லுங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் மருத்துவர் இதயத்தைப் பார்ப்பதா, வலிப்பை அடக்குவதா, பொட்டாசியத்தைக் கவனிப்பதா என்று உடனே முடிவெடுக்க முடியும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இந்த எண்ணை இப்போதே உங்கள் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.